காத்திருக்கும் கணினி

என் அக்கா மகளுக்கு இந்த ஆண்டு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. விடுதிக்குப் போகுமுன் லேப்டாப் வாங்கியாக வேண்டும். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, எட்டு வருடப் பழசு. பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துவந்து உட்கார்ந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். "இதோட மூளை தேஞ்சுபோச்சு சித்தி. புதுசு வாங்குறப்ப நல்ல பெரிய ப்ராசசரா பாத்து வாங்கிடலாம்" என்றாள்.

மூளை உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே கடைக்குப் போகலாம் என்றேன். விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த உறுப்பு எவ்வளவு உழைக்கிறது என்பதை அது சதவீதத்தில் காட்டும். கணினி திணறிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து அதைத் திறந்தோம். சிபியு 6. மெமரி 91. டிஸ்க் 100.

சிபியு என்பதுதான் அவள் சொன்ன ப்ராசசர், அதாவது கணக்குப் போடும் மூளை. செயலி என்ற தமிழ்ச்சொல் அதற்குத்தான் முதலில் வந்தது. இப்போது கைபேசி ஆப்களையும் அப்படியே சொல்வதால், குழப்பம் வராமலிருக்க இங்கே ப்ராசசர் என்றே வைத்துக்கொள்கிறேன். அந்த ப்ராசசர் நூற்றில் ஆறு பங்குதான் உழைத்துக்கொண்டிருந்தது. கணினியோ அசையவில்லை. மீதி 94 பங்கு நேரம் அது என்ன செய்துகொண்டிருந்தது?

காத்திருந்தது. சமைக்கத் தெரிந்த கை, காய் வந்து சேராமல் சும்மா இருப்பதுபோல. லேப்டாப் வாங்கப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்தக் காத்திருப்பைத்தான் என்று நினைக்கிறேன். எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதில் பெரும்பகுதி இதிலேயே தெளிந்துவிடும்.

ப்ராசசரின் வேகத்தை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வோம். 3 கிகாஹெர்ட்ஸ் என்று அட்டையில் போட்டிருந்தால், அது நொடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று பொருள். அமெரிக்கக் கடற்படையில் பணியாற்றிய கணினி முன்னோடி கிரேஸ் ஹாப்பர், சொற்பொழிவுக்குப் போகும்போது ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நீளக் கம்பித்துண்டுகளைக் கட்டாக எடுத்துப்போய்க் கேட்க வந்தவர்களுக்குக் கொடுப்பார். ஒளி ஒரு நானோ நொடியில், அதாவது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், கடக்கும் தூரம் அது. எந்த மின்குறியும் அதைவிட வேகமாகப் போக முடியாது. நம் ப்ராசசரின் ஒரு துடிப்புக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் நகரும். அரைச் சாண் தூரம். ஆகவே கணினிக்குள் ஒரு பொருள் எவ்வளவு தொலைவில், எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்பதே அதன் தலைவிதியைத் தீர்மானிக்கிறது.

நானோ நொடியை நம்மால் உணர முடியாது. எனவே நேரத்தை இழுத்து நீட்டிவிடுவோம். ப்ராசசரின் ஒரு துடிப்பை நம்முடைய ஒரு நொடி என்று கொள்வோம். அந்தக் கணக்கில் ப்ராசசர் ஒரு சமையல்காரர்.

அடுப்புக்குப் பக்கத்திலேயே அஞ்சறைப் பெட்டி இருக்கிறது. கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள். கை நீட்டினால் நாலைந்து நொடியில் எடுத்துவிடலாம். ப்ராசசருக்குள்ளேயே இப்படி ஒரு சிறு நினைவகம் உண்டு. கேஷ் என்பார்கள். பதுக்ககம் என்ற சொல்லும் புழங்குகிறது. எனக்கு அஞ்சறை என்று சொல்லத்தான் பிடிக்கும், ஏனென்றால் அது வேலை செய்யும் தத்துவமும் அதுவேதான்: சற்றுமுன் எடுத்த பொருள் சீக்கிரமே மறுபடி தேவைப்படும், அதற்குப் பக்கத்தில் இருப்பதும் தேவைப்படும். கடுகை எடுத்த கை அடுத்து உளுத்தம்பருப்பைத்தான் தேடும். நம் பாட்டிமார் அனுபவத்தில் கண்ட இதே ஒழுங்கு கணினி நிரல்களிலும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை சின்னப் பெட்டியை வைத்துக்கொண்டு சமையல் ஓடுகிறது.

பெட்டியில் இல்லாததை உக்கிராண அறைக்குப் போய் எடுத்துவர வேண்டும். போய்வர ஐந்து நிமிடம். அதுதான் ராம். தமிழில் தற்காலிக நினைவகம் எனலாம், ஏன் தற்காலிகம் என்பதைப் பிறகு சொல்கிறேன். உண்மை நேரத்தில் அந்த ஐந்து நிமிடம் ஏறத்தாழ 100 நானோ நொடி.

அங்கும் இல்லையென்றால் வெளியூர்ச் சந்தைக்கு ஆள் அனுப்ப வேண்டும். மூன்றரை நாளாகும். அது எஸ்எஸ்டி. உண்மையில் நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான், ஆனால் அடுப்படியில் நிற்பவருக்கு மூன்றரை நாள்.

எஸ்எஸ்டி இல்லாமல் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தால்? ஒரு வருடத்துக்குக் குறையாது. கடுகு வேண்டும் என்று கேட்டுவிட்டு அடுத்த அறுவடை வரை அடுப்புக்கு முன்னால் நிற்க வேண்டும். அக்கா வீட்டு லேப்டாப்பில் இருந்தது இதுதான். அந்த 6 சதவீதத்தின் விளக்கமும் இதுதான்.

ஹார்ட் டிஸ்க் ஏன் இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்பதற்கு அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குள் உண்மையான பொருள்கள் நகர்கின்றன. பழைய கிராமபோன் தட்டுபோல ஒரு தட்டு சுழல்கிறது, அதன் மேல் ஒரு கரம் முன்னும் பின்னும் போகிறது. லேப்டாப்களில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் தட்டுதான் இருந்தது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி நொடி. வேண்டிய தகவல் கரத்துக்கு அடியில் வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். கரம் சரியான தடத்துக்கு நகரும் நேரம் தனி. 1956-இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகளோடு ஒரு பீரோ அளவுக்கு இருந்தது, 50 லட்சம் எழுத்துகளைத் தாங்கியது. இன்று ஒரு கைபேசிப் புகைப்படத்துக்கே பல நேரம் அந்த இடம் போதுவதில்லை. கொள்ளளவு லட்சக்கணக்கான மடங்கு பெருகிவிட்டது. வீட்டுக் கணினிகளில் சுழலும் வேகமோ பத்து மடங்குகூட ஏறவில்லை. அந்தத் தட்டு நிமிடத்துக்கு 1,200 சுற்று, எட்டு வருடத்துக்கு முந்தைய இந்த லேப்டாப்பின் தட்டு 5,400.

எஸ்எஸ்டியில் நகரும் பொருள் எதுவும் இல்லை. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கிய ஃப்ளாஷ் நினைவகம் அது. காப்புச் சுவர்களுக்கு நடுவே ஒரு மிகச்சிறிய அறை. அதற்குள் எலக்ட்ரான்களைத் தள்ளி அடைத்துவிட்டால், மின்சாரம் போனாலும் அவை அங்கேயே இருக்கும். இருக்கின்றனவா இல்லையா என்று சோதிப்பதுதான் படிப்பது. சுழல வேண்டாம், கரம் நகர வேண்டாம்.

சொன்னதைச் செய்து பார்க்காமல் விடக்கூடாதல்லவா? அக்கா வீட்டு லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி ஒரு சின்ன எஸ்எஸ்டியைப் போடச் சொன்னோம். ப்ராசசர் அதே ப்ராசசர், ராம் அதே ராம். பால் காய்வதற்குள் திரை வந்துவிட்டது. தேய்ந்துபோன மூளை என்று நினைத்த அந்தக் கணினியில்தான் அக்கா இப்போது மின்கட்டணம் கட்டுகிறாள், சீரியல் பார்க்கிறாள்.

பிறகுதான் ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். சென்னையில் கணினிச் சாமான் என்றால் அண்ணா சாலையிலிருந்து பிரியும் அந்த நெரிசலான தெருக்கள்தான் இன்றும் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும். கடைக்காரத் தம்பி பொறுமையாக எடுத்துக் காட்டினார். இரண்டு லேப்டாப்கள் எங்களுக்குப் பிடித்தன, விலை கிட்டத்தட்ட ஒன்று. ஒன்றில் ஒரு படி உயர்ந்த ப்ராசசர், 8 ஜிபி ராம். இன்னொன்றில் ஒரு படி குறைந்த ப்ராசசர், 16 ஜிபி ராம். இரண்டிலும் 512 ஜிபி எஸ்எஸ்டி.

"512ன்னு போட்டிருக்கு, உள்ள 476ன்னு காட்டுது. மீதி எங்க?" என்று கேட்டாள் இவள். தம்பி இந்தக் கேள்வியை ஆயிரம் முறை கேட்டிருப்பார். யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அரிசியைத் தலைதட்டி அளப்பதும் கும்பாச்சியாக அளப்பதும் போன்ற வேறுபாடுதான் இது. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார். கணினி இரண்டின் அடுக்குகளில் வாழ்வதால் விண்டோஸ் 1,024, 1,024 ஆக எண்ணுகிறது. பெரிய படியால் அளந்தால் படிக்கணக்கு குறையும், அரிசி குறையாது. 1998-இல் பன்னாட்டு மின்தொழில்நுட்பக் குழு இந்தப் பெரிய படிக்கு கிபிபைட், மெபிபைட் என்று தனிப் பெயர்களே கொடுத்துவிட்டது. கடைவீதி அவற்றை ஏற்கவில்லை.

ப்ராசசரா, ராமா என்ற கேள்விக்கு வருவோம். உக்கிராண அறை நிறைந்துவிட்டால் சமையல்காரர் என்ன செய்வார்? உடனடியாகத் தேவைப்படாத சாமானைச் சந்தைக்கே திருப்பி அனுப்பிவிட்டு, தேவையானதை வரவழைப்பார். கணினியும் அதையே செய்கிறது. ராமில் இடம் போதாதபோது எஸ்எஸ்டியின் ஒரு மூலையை ராம்போலப் பாவித்துக்கொள்கிறது. மெய்நிகர் நினைவகம் என்று இதற்குப் பெயர். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1962-இல் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியில்தான் இது முதலில் நடைமுறைக்கு வந்தது. அருமையான உபாயம். நிரல் எழுதுபவர் இடம் போதுமா என்று கவலைப்படாமல் எழுதலாம்.

உபாயத்துக்கு ஓர் எல்லை இருந்தது. 1960-களில் பெரிய கணினிகளில் ஒரே நேரத்தில் பலரை வேலை செய்ய விட்டபோது விசித்திரமான ஒன்றைக் கண்டார்கள். ஆட்களைக் கூட்டிக்கொண்டே போனால் கணினி கொஞ்சம் கொஞ்சமாகத்தானே மெதுவாக வேண்டும்? அப்படி ஆகவில்லை. ஓர் அளவுவரை நன்றாக ஓடியது, அடுத்த ஆள் உட்கார்ந்ததும் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. 1968-இல் பீட்டர் டென்னிங் இதற்கு விளக்கம் தந்தார். ஒவ்வொரு நிரலுக்கும் அந்தந்த நேரத்தில் அடிக்கடி தொட வேண்டிய பொருள்களின் தொகுதி ஒன்று உண்டு. அதைப் புழக்கத் தொகுதி என்று சொல்லலாம். எல்லா நிரல்களின் புழக்கத் தொகுதிகளும் ராமுக்குள் அடங்கும்வரை பிரச்சினை இல்லை. கொஞ்சம் வெளியே வழிந்தாலும் போச்சு. புளியை அனுப்பிப் பருப்பை வரவழைத்தால், பருப்பு வந்த மறுகணமே புளி வேண்டும். பருப்பை அனுப்பிப் புளியை வரவழைக்க வேண்டும். ஆள்கள் சந்தைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டே இருப்பார்கள், அடுப்பில் ஒன்றும் வேகாது. ஆங்கிலத்தில் த்ராஷிங் என்கிறார்கள். தமிழில் அல்லாட்டம் என்ற சொல் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

இதிலிருந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு, விளம்பரங்களில் அது வராது. ராமின் பயன் ஒரே சீராக ஏறுவதில்லை. புழக்கத் தொகுதி அடங்காத நிலையிலிருந்து அடங்கும் நிலைக்குப் போகும்போது இரவுக்கும் பகலுக்குமான வித்தியாசம் தெரியும். அடங்கிய பிறகு இன்னும் இரட்டிப்பாக்கினால் அறை காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். நம் அளவு என்ன என்பதைத் தெரிந்துகொள்வதும் கடினமல்ல. வழக்கமாகத் திறந்துவைக்கும் எல்லாவற்றையும் திறந்து, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாறி மாறி வேலை செய்யுங்கள். மெமரியும் உச்சத்தில் இருந்து, ஒவ்வொரு மாறுதலுக்கும் டிஸ்க்கும் துள்ளினால் அது அல்லாட்டம். மெமரி மட்டும் அதிகமாகக் காட்டினால் அஞ்ச வேண்டாம். காலியாக இருக்கும் ராமில் இயங்குதளமே நாளைக்கு உதவும் என்று சிலவற்றை எடுத்துவைக்கும், கேட்டால் விட்டுக்கொடுத்துவிடும்.

கல்லூரிக்குப் போகும் பெண். பிரவுசரில் இருபது பக்கம், ஒரு காணொளி வகுப்பு, நிரல் எழுதும் மென்பொருள், வரைபட மென்பொருள். 8 ஜிபியில் இவை அல்லாடும், 16-இல் அடங்கும், 32 அவளுக்கு வீண். ஒரு படி உயர்ந்த ப்ராசசரை விட்டுவிட்டு 16 ஜிபியை எடுத்தோம்.

அப்போது கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று: ராமைப் பின்னால் கூட்ட முடியுமா? மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ராம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று எவ்வளவோ அவ்வளவுதான் அதன் ஆயுளுக்கும். எஸ்எஸ்டியை அநேகமாகப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆகவே பணம் குறைவாக இருந்தால் எஸ்எஸ்டியில் குறைத்துக்கொள்ளுங்கள், பற்றவைத்த ராமில் குறைக்காதீர்கள்.

ராம் ஏன் தற்காலிகம் என்று சொன்னேன்? ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1960-களின் பிற்பகுதியில் வகுத்த அமைப்பு அது. ஒவ்வொரு துண்டுத் தகவலும் ஒரு நுண்ணிய மின்தேக்கியில் சிறிது மின்னூட்டமாக நிற்கிறது. அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். ஒழுகிக்கொண்டே இருக்கும், எனவே பொதுவாக 64 மில்லி நொடிக்குள் ஒருமுறை எல்லாக் குடங்களையும் பார்த்து மறுபடி நிரப்புவார்கள். மின்சாரம் நின்றால் நிரப்ப ஆளில்லை. சேமிக்காமல் விட்ட கட்டுரை காணாமல் போவது இதனால்தான்.

பில் போடும் நேரத்தில் தம்பி பட்டியலை எடுத்தார். "மேடம், ஆன்டிவைரஸ் மூணு வருஷத்துக்குப் போட்டுடவா? ஆபீஸ், கூலிங் பேட், எக்ஸ்டெண்டட் வாரண்டி?" அக்கா மகள் என்னைப் பார்த்தாள்.

ஆன்டிவைரஸ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஃப்ரெட் கோஹன் என்ற ஆராய்ச்சி மாணவர் 1983-இல் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், தன்னைத்தானே பிற நிரல்களுக்குள் நகலெடுத்துக்கொள்ளும் நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார். அதற்கு வைரஸ் என்று பெயர் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லென் ஏடெல்மன். நச்சுநிரல் என்கிறோம் நாம். அடுத்த ஆண்டே கோஹன் இன்னொன்றையும் நிறுவினார்: எந்த நிரலைக் கொடுத்தாலும் அது நச்சுநிரலா இல்லையா என்று ஒருபோதும் பிழையில்லாமல் சொல்லக்கூடிய கண்டுபிடிப்பான் இருக்கவே முடியாது.

இன்னும் யாரும் செய்யவில்லை என்பதல்ல, செய்யவே முடியாது என்பது. எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறது? தெருமுனையில் ஒரு ஜோசியர் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். நீங்கள் அடுத்து வலப்பக்கம் திரும்புவீர்களா இடப்பக்கமா என்பதைத் தவறாமல் சொல்வேன் என்கிறார். நீங்கள் அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு, எதைச் சொன்னாரோ அதற்கு நேர்மாறாகத் திரும்புகிறீர்கள். அவர் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் தோற்பார். அப்படியே ஒரு நிரலை எழுதலாம். அது அந்தக் கண்டுபிடிப்பானையே தனக்குள் வைத்துக்கொண்டு, என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்கும். நச்சு என்றால் சும்மா இருந்துவிடும். நல்லது என்றால் பரவும். இரண்டிலும் கண்டுபிடிப்பான் சொன்னது பொய். 1936-இல், மின்னணுக் கணினி என்று ஒன்று பிறக்கும் முன்பே, ஆலன் டூரிங் காட்டிய வழியின் தொடர்ச்சி இது.

எனவே உறையில் "100% பாதுகாப்பு" என்று அச்சிட்டிருந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. நடைமுறையில் ஆன்டிவைரஸ்கள் இரண்டு வழியில் வேலை செய்கின்றன. ஏற்கெனவே பிடிபட்டவற்றின் அடையாளங்களைக் காவல் நிலையத்துப் புகைப்படங்கள்போல வைத்துக்கொண்டு ஒப்பிடுவது ஒன்று. ஆள் புதியவராக இருந்தாலும் நடத்தையைப் பார்த்துச் சந்தேகப்படுவது இன்னொன்று. இவற்றில் விண்டோஸோடு இலவசமாகவே வரும் டிஃபெண்டர் எங்கே நிற்கிறது? 2012-இல் விண்டோஸ் 8-இலிருந்து அது இயங்குதளத்தின் பகுதி. ஜெர்மனியின் மக்டபர்க்கிலும் ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக்கிலும் ஆன்டிவைரஸ்களைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஆய்வகங்கள் உள்ளன. அவற்றின் பட்டியல்களில் அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் காசுக்கு விற்பவற்றின் பக்கத்திலேயே நிற்கிறது. ஒரு மாணவிக்கு அது போதும் என்பது என் முடிவு.

போதும் என்பதற்கு ஒரு நிபந்தனை: அப்டேட்டுகளைத் தள்ளிப்போடக் கூடாது. 2017 மே 12 அன்று பரவத் தொடங்கிய வான்னாக்ரை என்ற நச்சுநிரல் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் பூட்டாமல் கிடந்த கதவு அது. மாலை வேலையின் நடுவே வரும் அப்டேட் அறிவிப்பைப் பார்த்து நமக்கு எழும் எரிச்சல் எனக்கும் தெரியும். ஆனால் மூன்று வருட ஆன்டிவைரஸைவிட அந்த எரிச்சலைப் பொறுத்துக்கொள்வதுதான் மலிவான காவல்.

ஆபீஸ் மென்பொருளை வாங்குமுன் கல்லூரியில் கேளுங்கள். பல கல்லூரிகள் மாணவர்களுக்கு மின்னஞ்சல் முகவரியோடு அதையும் கொடுக்கின்றன. சில லேப்டாப்களில் முன்பே போட்டு வருகிறது. இரண்டும் இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் இலவசம், திறந்த மூலம், தமிழிலேயே பட்டிகளையும் காட்டும். திருட்டு நகலை மட்டும் போட்டுத் தரச் சொல்லாதீர்கள். நியாயம் ஒருபுறம் இருக்கட்டும். உரிமத்தை உடைக்கும் நிரல் ஓட வேண்டுமென்றால் முதலில் டிஃபெண்டரை அணைத்துவிட்டு, கணினியின் முழு அதிகாரத்தையும் முகம் தெரியாத ஒருவர் எழுதிய நிரலுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுச் சாவியையும் கொடுத்துக் காவலாளியையும் அனுப்பிவிடுவது அது.

தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் வாங்கும் காலமும் போய்விட்டது. ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறிமுறை இருந்து, ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிந்த நாள்களைக் கடந்து வந்தவள் நான். இன்று யூனிகோட் எல்லாக் கருவியிலும் இருக்கிறது. 1999-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலேயே இருக்கிறது, அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் போதும். ஒரு வாரம் பழகினால் விரல்கள் தாமாக ஓடும். பள்ளியிலேயே இதைச் சொல்லிக்கொடுக்காமல் விடுகிறோமே என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

புதுக் கணினியில் நாம் கேட்காமலே வரும் மென்பொருள்களும் இருக்கும்: முப்பது நாள் இலவசம் என்று ஓர் ஆன்டிவைரஸ், தயாரிப்பாளரின் உதவிக் கருவிகள், விளையாட்டுகள். கணினியைத் திறந்ததும் இவை தாமாக எழுந்து உக்கிராணத்தில் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொள்ளும். நாம் காசு கொடுத்து வாங்கிய ராம் அது. டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்து, பெயர் தெரிந்து தேவைப்படாதவற்றை முடக்கிவிடுங்கள்.

கூலிங் பேட் வேண்டாம் என்றோம். மெத்தை மேல் வைத்துக் காற்றுத் துளைகளை அடைக்காமல் மேசையில் வைத்தாலே சாதாரண லேப்டாப்புக்குப் போதும். பேட்டரிக்கும் சூடு பகை, நிறைந்த சார்ஜிலேயே கிடப்பதும் பகை. லித்தியம் அயனிகள் ஒரு பக்கமாக முழுக்க நெருக்கித் தள்ளப்பட்ட நிலையில் பக்க வினைகள் கூடும். எப்போதும் மின்இணைப்பில் வைத்துப் பயன்படுத்துபவர்கள், பல லேப்டாப்களில் இருக்கும் 80 சதவீத வரம்பை இட்டுவிடலாம்.

நீட்டித்த வாரண்டியில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பொருள்களின் பழுதை ஆராய்பவர்கள் ஒரு வளைவை வரைவார்கள். குழந்தைக்குக் கட்டும் தூளியின் வடிவம் அதற்கு. செய்யும்போதே குறை இருந்தவை முதல் மாதங்களில் பழுதாகும், தேய்ந்தவை கடைசி ஆண்டுகளில் பழுதாகும், நடுவில் தாழ்வு. முதல் ஆண்டுக்குத் தயாரிப்பாளரின் வாரண்டியே உண்டு. நீட்டிப்பில் நாம் பெரும்பாலும் வாங்குவது அந்தத் தாழ்வான நடுப்பகுதியை. ஆனால் தேநீர் கொட்டுவதற்கும் பேருந்தில் பை விழுவதற்கும் எந்த வளைவும் கிடையாது, சாதாரண வாரண்டி அவற்றைத் தாங்குவதுமில்லை. விடுதியில் தங்குபவள் என்பதால் விபத்துச் சேதத்துக்கான காப்பை மட்டும் எடுத்தோம்.

பட்டியலில் இல்லாத ஒன்றை நாங்களாகக் கேட்டு வாங்கினோம். வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க், ஒரு டெராபைட்.

"ஹார்ட் டிஸ்க்தான் ஸ்லோன்னு சொன்னீங்க?" என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கத்தான் அது மெதுவு. குதிரில் விதைநெல் போட்டுவைக்க வேகம் எதற்கு? மலிவாக, நிறைய கொள்வதாக இருந்தால் போதும்.

விதைநெல் ஏன் வேண்டும் என்பதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சான்று 2007-இல் கூகுள் பொறியாளர்கள் வெளியிட்ட ஆய்வு. தங்கள் நிலையங்களில் ஓடிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்ட் டிஸ்க்குகளைக் கண்காணித்தார்கள். டிஸ்க்குகளுக்குள்ளேயே உடல்நிலையைக் குறித்துவைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதை வைத்துச் சாவை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று நம்பினார்கள். செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை எந்த அறிகுறியும் காட்டாமல் போயிருந்தன. முதல் நாள் வரை நன்றாக இருந்தது என்று நாம் சொல்வதை அந்த எண்ணிக்கை உறுதிசெய்கிறது. எஸ்எஸ்டிக்கும் சாவு உண்டு. போதாததற்கு, அதில் அழித்த கோப்பின் அறைகளை அடுத்த எழுத்துக்காக அது தானே துடைத்து வைத்துக்கொள்வதால், தவறி அழித்ததை மீட்பது ஹார்ட் டிஸ்க்கைவிடக் கடினம். வான்னாக்ரை போன்ற ஒன்று பூட்டிவிட்டால் மிஞ்சுவதும் வெளியே கழற்றி வைத்த பிரதிதான். லேப்டாப் திருடுபோனாலும் அதேதான். எந்த ஆன்டிவைரஸும் எந்த வாரண்டியும் கோப்புகளைத் திருப்பித் தராது.

பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கையே ஓர் உறையில் போட்டுப் பயன்படுத்தலாமே, காசு மிச்சமாகுமே என்று கேட்டாள். எட்டு வருடம் சுழன்ற தட்டு. செல்லரித்த குதிரில் விதைநெல்லைப் போடுவதில்லை என்று மறுத்துவிட்டேன்.

விடுதிக்குப் புறப்படுவதற்கு முந்தின இரவு, கோப்புகளையெல்லாம் புது டிஸ்க்கில் பிரதி எடுத்தாள். எடுத்ததோடு விடவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தோழிகளோடு எடுத்த படங்கள் இருந்த அடைவை லேப்டாப்பிலிருந்து நானே அழிக்கச் சொன்னேன். விரலை விசைமேல் வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அழுத்தினாள். டிஸ்க்கைச் செருகி, தேடி, திருப்பி எடுத்து, ஒவ்வொரு படமாகத் திறந்து பார்த்தாள். 214 படங்கள், எல்லாம் இருந்தன. டிஸ்க்கைக் கழற்றி லேப்டாப் பையில் வைக்கப் போனவள், நிறுத்தி, துணிப்பெட்டிக்குள் வைத்தாள்.